முற்றத்துக் குப்பைக்கு நெருப்பு வைக்குமுன்: ஒரு வெள்ளவத்தைக்காரியின் கைக்குறிப்பு

எங்கள் முற்றத்தில் ஒரு மாமரமும் இரண்டு தென்னைகளும் நிற்கின்றன. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவிலுள்ள ஒரு சின்ன லேனில் இது பெரிய கொடுப்பினை. ஆனால் மாமரம் வருடம் முழுக்க இலை கொட்டும். பதினொரு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் அந்த இலையைக் கூட்டி மதிலோரம் குவித்துக் கொளுத்தி வந்தேன். ஊரில் அம்மா அப்படித்தான் செய்தார். வளவைக் கூட்டுவதும் கொளுத்துவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்றுதான் வளர்ந்தேன்.

2018 ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இலைக்குள் யாரோ வீசியிருந்த வெறும் நுளம்பு மருந்து டின் ஒன்று கிடந்தது எனக்குத் தெரியாது. அது வெடித்து என் முழங்காலுக்குப் பக்கத்தால் பறந்துபோய் மதிலில் அடித்தது. நான் நடுங்கிப்போய் நிற்கும்போதே, பக்கத்துத் தொடர்மாடியின் நாலாம் மாடியிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். "பிள்ளை, என்ர பேரனுக்கு முட்டு. ஜன்னலைப் பூட்டினாலும் புகை உள்ளுக்கு வருது. எத்தனை கிழமையாச் சொல்ல வேணும் எண்டு நினைச்சனான்" என்றார். அன்று இரவு அந்தப் பையனை நெபுலைஸ் பண்ணக் கொண்டுபோனார்கள். ஆடிக் காற்று கடலிலிருந்து அடிக்கும்போது என் புகை நேரே அவர்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. பதினொரு வருடமாக நான் பார்க்காத விசயம்.

அதற்குப் பிறகு இலைக்கு நெருப்பு வைத்ததில்லை. சட்டம் என்ன சொல்கிறது, இலையை என்ன செய்வது, பொங்கல் போல மூட்டியே ஆக வேண்டிய நெருப்பை எப்படி வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டேன். லேனில் புதிதாகக் குடிவருபவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பில் இருந்த எவரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். அதே வருடம் செப்டெம்பரில் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், அதாவது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒரு தொகுதி வர்த்தமானி அறிவித்தல்கள் வந்தன. சோற்றுப் பார்சல் சுற்றும் லன்ச் சீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடை செய்யப்பட்டது எல்லாருக்கும் ஞாபகம். அதே தொகுதியில் வந்த இன்னொன்றை மட்டும் பலர் கவனிக்கவில்லை: பிளாஸ்டிக் உட்பட, குப்பையையும் எரியக்கூடிய பொருள்களையும் திறந்த வெளியில் எரிப்பதும் தடை. இது கொழும்புக்கு மட்டும் அல்ல, முழு நாட்டுக்கும்.

"பிளாஸ்டிக்கைத்தானே சொல்கிறார்கள், இலைக்கு என்ன?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தடையில் பிளாஸ்டிக் உட்பட என்றுதான் இருக்கிறது, பிளாஸ்டிக் மட்டும் என்று இல்லை. அதைவிட, கொழும்பில் வெறும் இலைக் குவியல் என்று ஒன்று கிடையாது. கூட்டிய குவியலைக் கிளறிப் பாருங்கள். டொஃபி உறை, யோகட் கரண்டி, ஷொப்பிங் பையின் துண்டு, வயர்த் துண்டு, எல்லாம் இருக்கும். வயர் உறையும் சில குழாய்களும் செய்யப்படும் பிவிசி எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயுவும் டையொக்சின் வகை நஞ்சுகளும் வரும். பெரிய உலைகளில் 850 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கித்தான் அந்த நஞ்சை உடைக்கிறார்கள். மதிலோரத்தில் புகைந்துகொண்டிருக்கும் ஈர இலை அந்தச் சூட்டுக்குக் கிட்டவும் போகாது.

இதைத் தவிர பழைய சட்டங்களும் இருக்கின்றன. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உண்டு. அயலவருக்குப் பொதுத் தொல்லையாகும் ஒன்றை நிறுத்தும்படி நீதவான் கட்டளையிட, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இடம் தருகிறது. வீட்டுக் குப்பையை அகற்றும் பொறுப்பு மாநகர சபைக்கு உரியது என்பதை 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆகவே "எடுக்க ஆள் இல்லை, அதனால்தான் எரித்தேன்" என்பது நிற்காது. எடுக்க ஆள் வராவிட்டால் கேட்க வேண்டிய இடம் சபை.

இலையை என்ன செய்வது

எனக்கு அதிக நாள் எடுத்தது இதுதான். மாவிலை தடிப்பானது, இலேசில் உக்காது. முதல் வருடம் மூலையில் சும்மா குவித்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மேலே அப்படியே இருந்தது, அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நாறியது. பிறகுதான் முறை பிடிபட்டது.

200 லீட்டர் நீலப் பீப்பாய் ஒன்று வாங்குங்கள். அடியிலும் சுற்றிலும் பெருவிரல் நுழையும் அளவு ஓட்டைகள் போடுங்கள். நாலு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள், அடியால் காற்றுப் போக வேண்டும். இலையை அப்படியே போடாமல் பழைய உரப்பையில் போட்டுக் காலால் நன்றாக மிதியுங்கள். மாவிலை நொறுங்கினால் உக்கும் காலம் குறையும். ஒரு சாண் உயரத்துக்கு நொறுக்கிய இலை, அதன் மேல் நாலு விரல் உயரத்துக்கு மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, பழத்தோல், அதன் மேல் ஒரு கைப்பிடி மண். இப்படியே மாற்றி மாற்றி. மீன் கழிவும் கறிச் சோறும் வேண்டாம், எலி வரும். கிழமைக்கு ஒருமுறை தடியால் கிண்டிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரண்டு துளி கசிய வேண்டும், அதற்கு மேல் ஈரம் இருந்தால் காய்ந்த இலை சேருங்கள். என் வீட்டில் மாவிலைக்கு நாலைந்து மாதம் ஆகிறது. முருங்கை என்றால் இன்னும் கெதியாக வந்துவிடும்.

பீப்பாயின் மூடி குழிந்து தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்கு நுளம்புக்கு ஒரு போத்தல் மூடித் தண்ணீர் போதும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் லேனில் டெங்குப் பரிசோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முதல் நாள் பின்னேரமே ஐந்தாறு வீட்டில் புகை எழும். சிரட்டை, பழைய டயர், யோகட் கப் எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள். பயம் நியாயமானது. ஆனால் சிரட்டையைக் கவிழ்த்தாலே நுளம்புக்கு இடம் இல்லை. டயரை எரித்தால் வரும் கரும்புகை அந்த லேனில் ஒரு நாள் முழுக்க நிற்கும். நுளம்பு முட்டையிடும் தண்ணீரைக் கொட்டுவதுதான் வேலை, புகையால் குடம்பி சாகாது.

தென்னை வேறு கணக்கு. ஓலையிலிருந்து ஈர்க்கு எடுத்துக் கட்டினால் வருடத்துக்குத் தேவையான விளக்குமாறு வீட்டிலேயே கிடைக்கும். மட்டையை மூன்று அடித் துண்டாக வெட்டிக் கயிற்றால் கட்டி வைப்பேன். பொச்சைப் பூச்சட்டிகளின் அடியில் போட்டால் ஈரம் பிடித்து வைத்திருக்கும். ஓர்க்கிட் வளர்ப்பவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். மரம் வெட்டிய பெரிய கழிவு என்றால், குப்பை லொறி வரும் நாளில் திடீரென்று வாசலில் குவித்துவிட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். முன்கூட்டியே மாநகர சபையின் உங்கள் பகுதி அலுவலகத்தில் சொல்லி ஒழுங்கு செய்யுங்கள். லொறியில் வரும் தொழிலாளர்களிடம் மரியாதையாக ஒரு வார்த்தை முதலே பேசி வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிளாஸ்டிக், கடதாசி, கண்ணாடி எல்லாம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஈரக் குப்பையோடு கலந்து கொடுத்தால் எடுக்க மறுப்பார்கள். மறுத்த பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் பலர் நெருப்பு வைக்கிறார்கள். குசினியில் இரண்டு வாளி வைத்தால் இந்தப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னும் ஒன்று, நம் வீடுகளுக்கே உரியது. பழைய சாமிப் படம், காய்ந்த மாலை, தர்ப்பை, கிழிந்த தேவாரப் புத்தகம். குப்பையில் போட மனம் வராது, அதனால் பக்தியோடு எரிப்போம். நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது பூவையும் தர்ப்பையையும் துளசி அடியில் மண்ணுக்குள் புதைக்கிறேன். கடதாசியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி மாமரத்தடியில் விடுகிறேன். படத்தின் கண்ணாடியையும் சட்டத்தையும் முதலே கழற்றிவிட வேண்டும். மண்ணுக்குப் போவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வங்கிக் கடிதங்களுக்கும் இதே ஊறவைக்கும் முறைதான். கூழாகிவிட்டால் இலக்கங்களை யாரும் வாசிக்க முடியாது.

பொங்கல் அடுப்பு

குப்பை எரிப்பது வேறு, பொங்குவது வேறு. பொங்கலை நான் விடப்போவதில்லை. ஆனால் கொழும்பில் முற்றம் என்பது நாலு மதிலுக்கு நடுவில், கம்பிகளுக்குக் கீழே, வாகனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு துண்டு. ஊரில் கவலைப்படாத விசயங்களை இங்கே பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் மேலே பாருங்கள். மின்கம்பி, கேபிள் டிவி வயர், தொங்கும் ஓலை, உடுப்புக் கொடி எதுவும் அடுப்புக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. அப்புறம் கீழே: தரை ஓடு பதித்திருந்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். ஈர மணலை நாலு விரல் தடிப்புக்குப் பரப்பி அதன் மேல் செங்கல் வையுங்கள். கோலம் அதைச் சுற்றிப் போடலாம். மோட்டார் சைக்கிளையும் காரையும் முதல் நாள் இரவே வெளியில் எடுத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டர் முற்றத்தில் இருந்தால் அதையும் அப்பால் வையுங்கள்.

இரண்டு வாளி நிறையத் தண்ணீர், ஒரு வாளி மணல், ஓர் ஈரச் சாக்கு. இவற்றை எடுத்து வைக்காமல் நான் நெருப்புக்குச்சி உரசுவதில்லை. விறகு ஈரமென்றால் மண்ணெண்ணெய் ஊற்றத் தோன்றும். எரிகிற அடுப்பில் ஊற்றவே கூடாது, சுவாலை ஊற்றுகிற கைக்கே ஏறி வரும். முதல் நாளே விறகை வெயிலில் போட்டு, காய்ந்த பாளையும் பன்னாடையும் சேர்த்து வைத்தால் கற்பூரம் ஒன்றே போதும். சேலை கட்டுபவர்கள் முந்தானையை இழுத்துச் செருகி ஊசி குத்துங்கள். பிள்ளைகளுக்கு நைலோன் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள். நைலோன் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

பெரியவர் ஒருவர் அடுப்பைவிட்டு நகராமல் நிற்க வேண்டும். பொங்கி வழியும் நேரத்தில் எல்லாரும் படம் எடுக்க நெருங்கி வருவார்கள், அப்போதுதான் பானை தட்டுப்படும். எங்கள் வீட்டில் அந்தக் காவல் என் தம்பியுடையது. அவன் பானையைப் பார்க்க மாட்டான், பிள்ளைகளின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

முடிந்ததும் படைத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். தணலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று கண்ட பிறகுதான் சாம்பலை அள்ள வேண்டும். அன்றே பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைப் பையிலோ போடக் கூடாது. வெளியே சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே தணல் மறுநாள் வரை இருக்கும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு: கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் விறகடுப்பு வேண்டவே வேண்டாம். பெற்றோல் ஆவி, தாழ்ந்த கூரை, வெளியேறும் ஒரே வழி, மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. பல்கனியும் கூடாது. 2022இல் கேஸ் இல்லாமல் தவித்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் பல்கனியில் விறகு எரித்தார்கள். வேறு வழி இல்லாத காலம் அது, இப்போது இல்லை. மொட்டை மாடியிலோ வாசலிலோ பொங்க விரும்பினால் உங்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுதிக் கேளுங்கள். எல்லா வீட்டுக்குமாக ஒரே ஓர் அடுப்பு என்று ஒழுங்கு செய்த தொடர்மாடி ஒன்று எங்கள் லேனிலேயே இருக்கிறது. சிங்கள, முஸ்லிம் அயலவர்களும் காலையில் இறங்கி வந்து சக்கரைப் பொங்கல் வாங்கிப் போவார்கள்.

சீனவெடி, கார்த்திகை விளக்கு

வெடி தயாரிக்கவும் விற்கவும் அனுமதி தேவை; 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் இதற்குத்தான். அனுமதி உள்ள கடையில் வாங்குங்கள். வெடிக்காததை மறுபடி கொளுத்தாமல் வாளித் தண்ணீரில் போடுங்கள். ரொக்கெட் வாணம் லேனுக்குள் கூடாது, அது எந்தப் பல்கனிக்குள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெருப்போடு பறக்கும் வெளிச்சக் கூட்டை எங்கள் கடற்கரையில் பலர் விடுகிறார்கள். காற்று திரும்பினால் ஊருக்குள்தான் வந்து விழும், தயவுசெய்து விடாதீர்கள்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலிலும் மதிலிலும் மண் சிட்டி அழகு. மாடிப்படியில் மட்டும் வைக்காதீர்கள், ஆட்கள் இறங்கும் வழி அது. கோயிலில் சொக்கப்பனை கொளுத்தும் பொறுப்பு உங்களிடம் என்றால், கம்பிகளுக்கு விலகிய இடத்தில் கட்டி, நாளையும் நேரத்தையும் தீயணைப்புத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

கை மீறினால்

கொழும்பு தீயணைப்புப் படை 110. அவர்களுடைய தலைமையகம் மருதானைப் பக்கம், ரி.பி. ஜாயா மாவத்தையில் இருக்கிறது. பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990, சுவசெரிய. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். பதற்றத்தில் கைபேசியில் தேட முடியாது.

அழைக்கும்போது லேனின் பெயர், காலி வீதியில் எதற்கு எதிரில் திரும்ப வேண்டும், கடல் பக்கமா மற்றப் பக்கமா, என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறதா, இவ்வளவும் சொல்லுங்கள். அவர்கள் தொலைபேசியை வைக்கும் வரை நீங்கள் வைக்காதீர்கள். ஒருவரை லேன் முனைக்கு அனுப்பி வண்டிக்குக் கை காட்டச் சொல்லுங்கள். எங்கள் லேன்களில் பெரிய பிரச்சினை இருபக்கமும் நிறுத்திய வான்களும் முச்சக்கர வண்டிகளும்தான். ஒரு ஞாயிறு காலை நாங்கள் நாடா பிடித்து அளந்தோம். இருபக்கமும் வாகனம் நின்றால் எஞ்சுவது 2 மீற்றருக்குச் சற்றுக் கூடுதல். தீயணைப்பு வண்டி அதில் நுழையாது. அதற்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது என்று பேசி முடிவெடுத்தோம், பெரும்பாலும் கடைப்பிடிக்கிறார்கள்.

நெருப்பு அடுப்பளவில் இருந்தால் மட்டும் நீங்கள் அணைக்கப் பாருங்கள். வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை நிறுத்தி மூடியால் மூடி அப்படியே ஆறவிடுங்கள். தீயணைப்பான் என்றால் ஊசியை இழுத்து, சுவாலையின் உச்சிக்கு அல்ல அடிக்குக் குறிவைத்து, பிடியை அழுத்திப் பக்கவாட்டில் வீசுங்கள். கேஸ் மணந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் திறந்து வெளியே வாருங்கள். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். 2021 கடைசியில் அடுத்தடுத்து அடுப்புகள் வெடித்த செய்திகளோடு நித்திரை இல்லாமல் கிடந்தோமே, அன்றிலிருந்து ஒவ்வொரு புதுச் சிலிண்டருக்கும் சவர்க்கார நுரை தடவிப் பார்க்கிறேன்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். காயம் பெரிதென்றால் தேசிய வைத்தியசாலை, பிள்ளை என்றால் பொரளை ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை.

பக்கத்து வீட்டில் புகை வந்தால்

முதலில் போய்ப் பேசுங்கள். கோபமாக அல்ல, அந்த அம்மா என்னிடம் வந்த மாதிரி. "சட்டம் தெரியுமா?" என்று அவர் தொடங்கியிருந்தால் நானும் வாயைத் திறந்திருப்பேன். "பேரனுக்கு முட்டு" என்றதும் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கூடவே ஒரு வழியும் கொண்டுபோங்கள். என்னிடம் இப்போது மேலதிகமாக ஒரு பீப்பாய் இருக்கிறது, இரண்டு வீட்டுக்கு இரவல் கொடுத்தாயிற்று.

பேசியும் நிற்காவிட்டால் நாள், நேரம், எவ்வளவு நேரம் எரிந்தது, என்ன மணம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். புகை வரும் திசை தெரிய உங்கள் ஜன்னலிலிருந்து படம் எடுங்கள். அதோடு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள், நாங்கள் பிஎச்ஐ மாத்தயா என்று கூப்பிடுபவர்தான். பெரிய அளவில் எரிக்கிறார்கள், கடையோ வேலைத்தளமோ என்றால் பொலிஸ் நிலையத்திலும் பத்தரமுல்லையில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகார சபையிலும் எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றைத் திகதி முத்திரையோடு வாங்கி வையுங்கள். தெகிவளைக் கால்வாயைத் தாண்டினால் அது வேறு மாநகர சபை, அங்கே முறைப்பாடும் அவர்களிடம்தான்.

நாலாம் மாடிப் பையன் இப்போது உயர்தரம் படிக்கிறான். மாங்காய்க் காலத்தில் எங்கள் வீட்டுக் கேற்றைத் தட்டி, பீப்பாயைக் கிண்டித் தந்துவிட்டு ஒரு பை நிறைய மாங்காய் கொண்டுபோவான்.